குழு இடுபணிக்கு நாலு பேருக்கும் ஒரே புள்ளியா?

சிப்புட்_டீச்சர்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி எடுக்கிறேன், பள்ளியின் பெயர் வேண்டாமே. மூன்றாம் படிவத்துக்கு ஒரு குழு இடுபணி கொடுத்திருந்தேன். 1950, 60களில் பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல், பிறகு அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், இரண்டையும் பற்றித் தாத்தா பாட்டி யாரையாவது பேட்டி கண்டு ஃபோலியோ, அதாவது ஒரு தொகுப்பேடு, செய்ய வேண்டும், அப்புறம் வகுப்பில் படைக்க வேண்டும். 32 பேர், நாலு நாலு பேராக எட்டுக் குழு.

ஒரு குழுவில் மாணவி ஒருத்தி முழு ஃபோலியோவையும் தானே தட்டச்சு செய்து, கான்வாவில் அலங்காரம் பண்ணி, டவுனில் கலர் பிரிண்டும் எடுத்து வந்துவிட்டாள். அதே குழுவில் ஒரு பையன், ஓர் எழுத்துகூட எழுதவில்லை. ஆனால் அந்த ஃபோலியோவில் இருக்கும் பேட்டியே அவனுடையதுதான். அவன் பாட்டி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். அவரை உட்கார வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறான், கேள்வியெல்லாம் அவனே கேட்டிருக்கிறான். "தோட்டத்த வித்துட்டாங்கன்னு உங்களுக்கு யாரு பாட்டி சொன்னா, துரையா, கிராணியா?" என்கிறான். "யாரும் சொல்லலடா, காலையில பெரட்டுல எங்க பேரக் கூப்பிடல, அப்பத்தான் தெரிஞ்சிச்சு" என்கிறார் அவர். (பெரட்டு என்றால் காலையில் ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவது, துரை தோட்ட மேலாளர், கிராணி கணக்கர்.) இது ஃபோலியோவில் ஒரே வரியாக, "தொழிலாளர்கள் வேலை இழந்தனர்" என்று சுருங்கிப் போயிருக்கிறது. மூன்றாமவன் அட்டை வெட்டி ஒட்டினான். நாலாவது பிள்ளை அந்த இரண்டு வாரமும் பள்ளிக்கே சரியாக வரவில்லை, படைக்கும் நாளில் வந்து ஓரமாக நின்றாள்.

நாலு பேருக்கும் 80 போட்டேன். முதல் பெண்ணின் அம்மா மறுநாளே வந்துவிட்டார். "டீச்சர், எம்மக ராத்திரி ஒரு மணி வரைக்கும் கண்ணு முழிச்சா. வராத பிள்ளைக்கும் அதே எண்பதா?" கேள்வி நியாயம்தானே. கூட வேலை செய்யும் ஒருவர், மாணவர்களையே ஒருவருக்கொருவர் புள்ளி போடச் சொல்லிவிடுங்கள், பிரச்சனை தீர்ந்தது என்கிறார். அடுத்த தவணையில் இன்னோர் இடுபணி இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாமான்_அப்பா:

ஒரே புள்ளிதான் சரி டீச்சர். நான் வேலை செய்கிற தொழிற்சாலையில் லைன் டார்கெட் அடிக்கவில்லை என்றால் எல்லாருக்கும்தான் போனஸ் போகும், அவன் தூங்கினான் நான் உழைத்தேன் என்று சொல்லி ஒன்றும் ஆகாது. கூட இருப்பவனை இழுத்துக்கொண்டு போகப் பழகட்டும். அம்மா கோபப்படுவார், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஈப்போ_லெக்சரர்:

அண்ணே, உங்கள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் இருப்பார், தூங்குபவனை அவர் பார்த்துக்கொள்வார். 15 வயதுப் பிள்ளையிடம் அந்த வேலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு புள்ளியும் தராமல் இருப்பது எந்த ஊர் நியாயம்?

கூட்டத்தில் உழைப்பு குறையும் என்பது புதுச் செய்தி இல்லை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்த இழுவை, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்கத் தெரியாததால் ஒரு பகுதி போனது, மீதி உண்மையிலேயே மந்தம். பின்னால் 1979இல் அமெரிக்காவில் லதானே என்பவரும் கூட்டாளிகளும் ஆட்களைக் கத்தவும் கைதட்டவும் விட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் அதே கதை. ஆனால் இரண்டு வருடம் கழித்து அவர்களே இன்னொன்றைக் கண்டார்கள். கூட்டத்தோடு கத்தினாலும் தன் சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று ஆளுக்குத் தெரிந்துவிட்டால் அந்த மந்தம் போய்விடுகிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. யார் என்ன செய்தார் என்பது தெரியும் என்று பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிய வேண்டும், கடைசியில் தண்டனையாக வந்து இறங்கக் கூடாது.

கல்லூரியில் நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் 30 புள்ளி கொடுப்பேன், தன்னை விட்டுவிட்டு மற்ற மூன்று பேருக்கும் பிரித்துப் போட வேண்டும். நாலு பேர் போட்டால் மொத்தம் 120, ஆளுக்குச் சராசரி 30. ஒரு குழுவில் முறையே 39, 33, 30, 18 வந்தது என்று வையுங்கள். சராசரியால் வகுத்தால் 1.3, 1.1, 1.0, 0.6. ஃபோலியோவுக்கு 70 என்றால் அப்படியே பெருக்கும்போது 91, 77, 70, 42 வரும். இது ரொம்பக் கடுமை, வேலையைவிடக் கூட்டாளியின் மனநிலைக்கு எடை கூடிவிடுகிறது. அதனால் பாதியைக் குழுவுக்கென்று நிறுத்திவிடுவேன். 35 எல்லாருக்கும் பொது, இன்னொரு 35ஐ மட்டும் பெருக்குவேன். அப்போது 80.5, 73.5, 70, 56. இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகம் இந்த வகைக் கணக்குக்கென்றே வெப்பிஏ என்று ஒரு மென்பொருளை உருவாக்கியது, உங்களுக்கு எக்செல் போதும்.

ஒரு நிபந்தனை: புள்ளியோடு காரணமும் ஒரு வரி எழுத வேண்டும், யார் என்ன போட்டார் என்பது ஆசிரியரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

பழைய_தலைமையாசிரியர்:

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது தம்பி, கல்லூரியில் நடக்கும். தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதை விட்டுப் பாருங்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேர் மாமன் மகன் அத்தை மகனாக இருப்பார்கள், மூன்றாமவன் பக்கத்து வீடு, ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போவார்கள். மூவருக்கும் பத்துப் பத்து என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், காட்டிக்கொடுப்பது அவர்கள் வளர்ந்த முறையிலேயே கிடையாது. இல்லை என்றால் நேர் எதிராக நடக்கும், தாமான் குடியிருப்பு வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் பையன் ஒருவனுக்குக் குறைத்துப் போடுவார்கள். ரகசியம் என்பீர்கள். ஓய்வு மணி அடித்துப் பத்து நிமிடத்தில் கேன்டீன் முழுக்கத் தெரிந்திருக்கும்.

என் அப்பா இருந்த தோட்டத்தில் பால் ஸ்டோரில் கிராணி வாளியை நிறுத்து எழுதியதோடு விடமாட்டார், மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டு, தண்ணீர் எவ்வளவு ரப்பர் எவ்வளவு என்று பார்த்துத்தான் செக்ரோல் பதிவேட்டில் எழுதுவார். எடை நிறைய இருந்து சத்து இல்லாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். ஃபோலியோவை எடுத்ததும் நீங்களும் அதைச் செய்ய வேண்டும் அம்மா, ஆளுக்கு இரண்டு நிமிடம், வாய்மொழியாக. அவனவன் செய்ததாகச் சொல்லும் பகுதியில் ஒரு கேள்வி, அடுத்தவன் செய்த பகுதியில் ஒரு கேள்வி. "தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றால் தொழிலாளிக்கு ஏன் வீடும் சேர்ந்து போகிறது?" என்று கேளுங்கள். வீடு வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் லயமும் போகும் என்று சொல்லத் தெரிந்தவன் பாடத்தைப் பிடித்துவிட்டான், அட்டையை அவன் ஒட்டினானா இல்லையா என்பது எனக்குப் பொருட்டில்லை. கலர் பிரிண்ட் எடுத்து வந்த பிள்ளைக்கும் இதே கேள்விதான். சில சமயம் அங்கேதான் ஆச்சரியம் இருக்கும்.

32 பேருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். மற்ற பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் எழுத்து வேலை கொடுத்துவிடுங்கள்.

லைன்வீட்டு_அம்மா:

நான் டீச்சர் இல்லை, இங்கே எழுதலாமா தெரியவில்லை. ஒன்றும் செய்யாத பிள்ளை என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்த மாதிரிப் பிள்ளையின் அம்மா நான். வேறு பள்ளி, வேறு பாடம். என் மகன் குழு வேலை என்றால் ஆசையாகத்தான் போனான். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், அதற்கு ஒரு பிள்ளை "நீ தொடாதே, நாங்க பாத்துக்கிறோம், புள்ளி கொறஞ்சிரும்" என்று சொல்லிவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் வேலையைப் பிரித்தார்களாம், எங்கள் தோட்டத்தில் வீட்டுக்குள் லைன் கிடைக்காது, ரோட்டோரம் கோயில் பக்கம் வந்தால்தான் கிடைக்கும், அவன் பார்த்தபோது எல்லாம் பிரித்து முடித்திருந்தார்கள். கடைசியில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிவிட்டார்கள். கண் முழித்த பிள்ளையின் அம்மா வந்து கேட்கிறார், கேட்கட்டும். என்னை மாதிரி ஆள் பள்ளிக்கு வர ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும், நாங்கள் யாரிடம் கேட்பது?

தாமான்_அப்பா:

இது நான் யோசிக்காத பக்கம், சிஸ்டர். ஆனாலும் கேட்கிறேன், பையன் அவர்களிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

லைன்வீட்டு_அம்மா:

கேட்டான் அண்ணா. தண்ணீர் போத்தல் வாங்கி வரச் சொன்னார்கள்.

பிபிடி_புலம்பல்:

எல்லாரும் 80, 70 என்று பேசுகிறீர்கள், டீச்சர் கடைசியில் நிரப்ப வேண்டியது வகுப்பறை மதிப்பீடு, அதாவது பிபிடி. அதில் நூற்றுக்கு எத்தனை என்பதே இல்லை, அடைவுநிலை 1 முதல் 6 வரை, அதுவும் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக. குழுவுக்கு அடைவுநிலை என்று ஒன்று கிடையாது. 2022இல் பிடி3 என்ற மூன்றாம் படிவப் பொதுத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள், ஆக மூன்றாம் படிவப் பிள்ளையைப் பற்றி நாம் எழுதிவைப்பதற்கு முன்பைவிட எடை கூடிவிட்டது.

டீச்சர், உங்கள் நாலு பேரைத் திறன்வாரியாகப் பாருங்கள். பாட்டியைப் பேட்டி கண்ட பையன், அந்த ஒலிப்பதிவு ஒன்றே போதும், கேட்டல் பேச்சில் அவனுக்கு 5 போடலாம் போலிருக்கிறது, பதில் கேட்டு அதிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடிக்கிறான், பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது வரும்? ஆனால் எழுத்துத் திறனுக்கு இந்த ஃபோலியோவை வைத்து அவனுக்கு ஒன்றுமே போட முடியாது, உயர்வாகவும் முடியாது, தாழ்வாகவும் முடியாது, ஏனென்றால் அவன் எழுத்து அதில் இல்லை. தட்டச்சு செய்த பெண்ணுக்கு எழுத்தில் சான்று இருக்கிறது, பேச்சில் இருக்கிறதா? படைப்பில் அவள் பேசினாளா, திரையைப் பார்த்து வாசித்தாளா? அட்டை ஒட்டிய பையனுக்குத் தமிழில் ஒரு சான்றும் இல்லை, பாவம், அவன் செய்ததைக் காட்சிக்கலையில் வேண்டுமானால் சேர்க்கலாம். வராத பிள்ளைக்கு வெறுமனே சான்று இல்லை, அவ்வளவுதான், அதற்காகக் கீழ்நிலை எழுதாதீர்கள், ஏன் வரவில்லை என்று முதலில் விசாரியுங்கள்.

கான்வா அலங்காரத்துக்கு எந்தத் திறனிலும் இடமில்லை. அழகான அட்டையைப் பார்த்ததும் நம் கை தானாக மேலே போகிறது, நானும் ஆசிரியர்தான், சொல்கிறேன். அந்தக் கலர் பிரிண்டுக்குப் போடும் புள்ளி, வீட்டில் இருக்கும் காசுக்குப் போடும் புள்ளி.

சிப்புட்_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. லைன்வீட்டு அம்மா, தாராளமாக எழுதுங்கள், நீங்கள் சொன்னதை நேற்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐயா சொன்னபடி இன்று அந்தக் குழுவை மட்டும் கூப்பிட்டு இரண்டிரண்டு நிமிடம் கேட்டேன். தட்டச்சு செய்த பெண் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி ஆண்டு, பெயர் எல்லாம் கடகடவென்று சொன்னாள், அது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டதும் நின்றுவிட்டாள். பையன் ஆண்டைத் தப்பாகச் சொன்னான், ஆனால் "தோட்டத்தை வெளியாள் வாங்கித் துண்டு போடுறதுக்கு முன்ன, வெட்டுறவங்களே காசு சேர்த்து வாங்கிட்டா யாரும் வெளியே போகச் சொல்ல முடியாதுல்ல டீச்சர்" என்றான். அட்டை ஒட்டியவன் ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது, பாட்டி சொன்ன பெரட்டுக் கதையை அப்படியே சொல்கிறான்.

இரண்டு கேள்வி. ஒன்று, இந்த வாய்மொழியில் கூச்சப்படும் பிள்ளை அடிபட்டுப் போகுமே? இன்னொன்று, குழுவுக்குப் பொதுவாக ஒன்றுமே வேண்டாமா? அப்புறம் குழு வேலை எதற்கு?

பழைய_தலைமையாசிரியர்:

கூச்சப்படும் பிள்ளைக்குக் கேள்வியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஐந்து கேள்வி தருகிறேன், இதில் இரண்டுதான் கேட்பேன் என்று சொல்லுங்கள். படித்துவிட்டு வரட்டுமே, படிக்க வைப்பதுதானே நம் வேலை. அப்போதும் வாய் திறக்காத பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும், அதை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால் உட்கார்ந்து.

ஈப்போ_லெக்சரர்:

ஐயா சொன்ன மாமன் மகன் கதை எனக்கும் உறைக்கிறது, பள்ளிக்குப் புள்ளி பிரிக்கும் முறை வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் இருந்த ஒரு வரிக் காரணத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு எதிரே எண் போடாமல், "உன் குழுவில் இன்னொருவர் செய்து உனக்கு உதவியது எது?" என்று கேளுங்கள். காட்டிக்கொடுக்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள், நல்லதைச் சொல்லச் சொன்னால் எழுதுவார்கள். யார் பெயர் யார் தாளிலும் வரவில்லை என்று பார்த்தாலே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். கடைசியில் மட்டும் கேட்காதீர்கள், முதல் வாரம் முடியும்போதே ஒரு தடவை கேளுங்கள், அப்போதுதான் தண்ணீர் போத்தல் வாங்கப் போன பையனைத் திரும்பக் கூப்பிட நேரம் இருக்கும்.

குழுவுக்குப் பொதுப் புள்ளி வேண்டும் என்றுதான் சொல்வேன், சிறிதாக. நாலு பேரும் சேர்ந்தால்தான் முடியும் என்கிற மாதிரி வேலையைப் பிரித்தால் அந்தப் புள்ளிக்கு அர்த்தம் இருக்கும். எலியட் அரன்சன் 1971இல் டெக்சாஸில் ஆஸ்டின் பள்ளிகளில் செய்தது இதைத்தான், வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த நேரம். பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார், மற்றவன் துண்டை அவன் வாயால் கேட்டால்தான் தெரியும், தேர்வு எல்லாத் துண்டிலும், தனித்தனியாக. உங்கள் இடுபணியில் பேட்டி ஒருவர், துண்டாடலுக்குக் காரணம் ஒருவர், கூட்டுறவுச் சங்கம் ஒருவர் என்று பிரிக்கலாம். நாலை மூன்றாக்குங்கள், நாலாவது ஆளுக்கு வேலை இல்லாமல்தான் அட்டை ஒட்டப் போகிறான்.

பிபிடி_புலம்பல்:

32ஐ மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. கல்லூரிக்காரருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

பத்துக் குழு மூன்று மூன்று பேர், ஒரு குழு இரண்டு பேர் என்று வையுங்கள் டீச்சர், இருவர் குழுவுக்குப் பேட்டியைச் சிறிதாக்கிக் கொடுக்கலாம். இன்னொன்று, முடிந்தவரை வேலையை வகுப்பு நேரத்திலேயே முடிக்க விடுங்கள். பேட்டி மட்டும் வீட்டில், மற்ற எல்லாம் மாஜோங் தாள் என்கிற பெரிய தாளில், மார்க்கர் பேனாவில், உங்கள் முன்னால். இரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளைக்கும் டவுனில் வீடு இருக்கிற பிள்ளைக்கும் அப்போது ஒரே நேரம்தான் கிடைக்கும். யார் எழுதுகிறார், யார் சும்மா நிற்கிறார் என்பதையும் நீங்களே நடந்து பார்க்கலாம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு வரி. கூகிள் டாக்ஸில் யார் எப்போது எழுதினார் என்று திருத்த வரலாறு காட்டும் என்று சிலர் சொல்வார்கள், காட்டும்தான், ஆனால் நாலு பேர் ஒரே கைப்பேசியில் உட்கார்ந்து எழுதினால் அது ஒருவர் பெயரைத்தான் காட்டும்.

தாமான்_அப்பா:

அதெல்லாம் சரி, அந்த அம்மாவுக்கு இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்? நாளைக்கே திரும்ப வருவார்.

சிப்புட்_டீச்சர்:

வரச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை. மற்ற பிள்ளைகளின் புள்ளியைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவர் மகள் எழுதிய பக்கங்களைக் காட்டி, எழுத்தில் அவள் எங்கே இருக்கிறாள், பேச்சில் எதில் நின்றாள் என்று சொல்வேன். அந்த 80ஐ எடுத்துவிட்டு, நாலு பேருக்கும் திறன்வாரியாக எழுதப் போகிறேன். பையன் தன் பாட்டியின் பேட்டியைத் தானே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறேன். பாட்டி பேசியபடியே எழுதலாமா, நல்ல தமிழில் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறான். பாட்டி பேசுவதை அப்படியே, நீ சொல்வதை எழுத்து நடையில் என்று சொல்லி அனுப்பினேன். வராத பிள்ளையின் வீட்டுக்குக் கவுன்சலர் டீச்சரோடு போக வேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று வகுப்புப் பிள்ளைகள் சொல்கிறார்கள், நேரில் போனால்தான் தெரியும்.

லைன்வீட்டு_அம்மா:

போகும்போது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள் டீச்சர். பகலில் போனால் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.